திறமையும் பணயமும்



முப்பது ஆண்டுகளுக்கு மேல் வகுப்பறையில் வரலாறு கற்பித்தவன் நான். ஒரு சட்டத்தைப் படிக்கும்போது, அது என்ன வினாவைக் கேட்கிறது என்று முதலில் பாருங்கள் என மாணவர்களுக்குச் சொல்வது என் வழக்கம். இணையவழியில் பணம் வைத்து ஆடும் ஆட்டத்தைப் பற்றிய நம் நாட்டுச் சட்டத்தின் வரலாறும் ஒரு வினாவின் வரலாறே ஆகும்.

சூதாட்டம் நமக்குப் புதிதன்று. இருக்கு வேதத்தின் பத்தாம் மண்டலத்தில் சூதாடியின் புலம்பல் ஒன்று இடம் பெற்றுள்ளது. பாரதப் போரின் வித்து பகடைப் பலகையில் விழுந்தது. கௌடிலியரின் அர்த்தசாஸ்திரம் சூதை அடியோடு விலக்கவில்லை. அதனை ஓரிடத்தில் நடத்தவும், கண்காணிக்க அதிகாரி ஒருவரை அமர்த்தவும், வென்ற பொருளில் நூற்றுக்கு ஐந்து அரசு பெறவும் வகை செய்தது. திருவள்ளுவரோ சூதுக்கெனத் தனி அதிகாரமே வகுத்தார். தோற்பவனை மட்டுமன்றி வெல்பவனையும் அவர் எச்சரித்தார் என்பதை நினைவில் கொள்ளுங்கள்.

ஆங்கிலேயர் ஆட்சியில், 1867-ஆம் ஆண்டு, பொதுச் சூதாட்டச் சட்டம் பிறந்தது. சூதாட்ட விடுதி நடத்துவோர்க்கு 200 ரூபாய் வரை அபராதம் அல்லது மூன்று மாதம் வரை சிறை என்று அது விதித்தது. திறமையால் மட்டுமே ஆடப்படும் ஆட்டங்களுக்கு விலக்கும் அளித்தது. வட மாகாணங்களுக்கென இயற்றப்பட்ட அச்சட்டத்தின் கருத்து பிற மாகாணச் சட்டங்களிலும் இடம் பெற்றது. அன்று முதல் நம் நீதிமன்றங்களின் முன் நின்ற வினா இதுவே: இந்த ஆட்டம் திறமையா, தற்செயலா?

விடுதலைக்குப் பின் வந்த அரசியலமைப்பு, பந்தயத்தையும் சூதையும் மாநிலப் பட்டியலில் 34-ஆம் இனமாக வைத்தது. 1967 நவம்பரில், செகந்தராபாத் மன்றம் ஒன்றின் வழக்கில், உச்சநீதிமன்றம் ரம்மியைப் பற்றித் தீர்ப்புரைத்தது. விழுந்த சீட்டுகளை நினைவில் வைப்பதும், எதை வைத்துக்கொள்வது, எதை விடுவது என்று முடிவு செய்வதும் அவ்வாட்டத்திற்கு வேண்டியிருத்தலின், ரம்மி பெரும்பாலும் திறமை சார்ந்த ஆட்டம் என்பதே அத்தீர்ப்பு. இதனை நானும் வகுப்பில் எடுத்துரைத்ததுண்டு.

2021-ஆம் ஆண்டு, தொற்றுநோய்க் காலத்தில், என் பழைய மாணவன் ஒருவன் என் வீட்டுத் திண்ணையில் வந்து அமர்ந்தான். கணக்கில் வகுப்பிலேயே முதல்வனாக விளங்கியவன். தங்கையின் திருமணத்திற்கெனச் சேர்த்த பணத்தைக் கைப்பேசிச் சீட்டாட்டத்தில் இழந்திருந்தான். "ஐயா, இது திறமை ஆட்டம் என்று தாங்கள்தாமே கற்பித்தீர்கள்?" என்று அவன் கேட்டான். என்னால் உடனே விடை கூற இயலவில்லை.

அன்றிரவு அத்தீர்ப்பை மீண்டும் படித்தேன். நான் கற்பித்தது அதில் பாதியே. ஆட்டத்தை நடத்துவோர் பணயத்திலிருந்து இலாபம் அடைகின்றனர் என்பதற்குச் சான்று இருப்பின், அது குற்றமாகக்கூடும் என்றும் நீதிபதிகள் அங்கேயே குறித்திருந்தனர்.

அந்தப் பாதியின் பொருளை ஒரு கணக்கால் விளக்குகிறேன். அறுவர் ஆளுக்கு 100 ரூபாய் வைத்து ஆடுவதாகக் கொள்வோம். மொத்தம் 600 ரூபாய். நடத்துவோர் நூற்றுக்குப் பத்து எடுத்துக்கொண்டால், ஓர் ஆட்டத்திற்கு 60 ரூபாய் அவர்களுக்குச் சேரும். பத்து ஆட்டங்களில் அது 600 ரூபாய் ஆகிவிடும். அறுவருள் எவர் வென்றார், எவர் தோற்றார் என்பது அவர்களுக்குள் நடந்த கணக்கு. அறுவரும் சேர்ந்து இழந்தது 600 ரூபாய். ஆட்டக்காரரின் திறமை ஒருவர் பணத்தை மற்றொருவருக்கு மாற்றலாம். நடத்துவோரின் பங்கை அது தடுக்க இயலாது.

இவ்வினாவோடு மாநிலங்கள் போராடின. தமிழ்நாட்டுச் சட்டமன்றம் 2021-இல் கொணர்ந்த தடையைச் சென்னை உயர்நீதிமன்றம் அதே ஆண்டு ஆகஸ்டில் நீக்கியது. 2023 ஏப்ரலில் மற்றொரு சட்டம் நடைமுறைக்கு வந்தது. அவ்வாண்டு நவம்பரில் உயர்நீதிமன்றம் அச்சட்டத்தை ஏற்றது. ஆயினும் ரம்மியையும் போக்கரையும் தற்செயல் ஆட்டங்களாகப் பட்டியலிட்டது செல்லாது என்றது. பழைய வினாவே மீண்டும் வென்றது. 2023 அக்டோபர் முதல் நடுவண் அரசோ, ஆடுவோர் செலுத்தும் பணம் முழுவதன்மீதும் நூற்றுக்கு 28 வரி விதித்தது. கௌடிலியர் காலத்துப் பங்கு வேறு உருவில் திரும்பியது எனலாம்.

2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம் வினாவையே மாற்றியது. மக்களவை 20-ஆம் நாளும் மாநிலங்களவை 21-ஆம் நாளும் நிறைவேற்றிய சட்டத்திற்குக் குடியரசுத் தலைவர் 22-ஆம் நாள் ஒப்புதல் அளித்தார். திறமையா, தற்செயலா என்று அது கேட்கவில்லை. பணம் வைத்து, பணம் வெல்லும் நோக்குடன் ஆடப்படுகிறதா என்று மட்டுமே கேட்டது. அத்தகைய ஆட்டத்தை நடத்துவோர்க்கு மூன்றாண்டு வரை சிறையும் ஒரு கோடி ரூபாய் வரை அபராதமும் வகுத்தது. விளம்பரத்தையும் விலக்கியது, வங்கிகள் அதற்குப் பணம் கடத்துவதையும் தடுத்தது. ஆடுபவனுக்கு மட்டும் தண்டனை விதிக்கவில்லை. அவனை இழப்புக்கு உள்ளானவனாகக் கருதியது. மின்விளையாட்டுப் போட்டிகளை ஊக்குவிக்கவும் இடமளித்தது.

இதற்கு மறுப்பும் உண்டு. அதனையும் நீங்கள் அறிதல் வேண்டும். சூது மாநிலப் பட்டியலில் உள்ளதாயின் நாடாளுமன்றம் சட்டம் இயற்றலாமா? திறமை ஆட்டம் நடத்துவது தொழிலுரிமை அன்றோ? உள்நாட்டுக் கடையை மூடினால், ஆடுவோர் வெளிநாட்டுக் கடையைத் தேடிச் செல்லாரோ? இவை எளிய வினாக்கள் அல்ல. இச்சட்டத்தை எதிர்த்து உயர்நீதிமன்றங்களில் எழுந்த வழக்குகள் 2025 செப்டம்பரில் உச்சநீதிமன்றத்திற்கு மாற்றப்பட்டன. சட்டத்தின் எல்லையை வகுப்பது நீதிமன்றத்தின் பணி.

நம் எல்லையை வகுப்பது நம் பணி. என் மாணவன் இரண்டு ஆண்டுகள் மாலையில் பிள்ளைகளுக்குக் கணக்குக் கற்பித்துக் கடனை அடைத்தான். தங்கையின் திருமணமும் நடந்தது. அவனுடைய திறமை பொய்யன்று. அதனை வைத்த இடமே பொய்யானது. உங்களுள் கூர்த்த அறிவுடையோர்க்கே இதனை அழுத்திச் சொல்கிறேன். "இது திறமை ஆட்டம்" என்று எவரேனும் உங்களை அழைத்தால், "இதில் பணயம் யாருடையது? பங்கு யாருக்கு?" என்று கேளுங்கள். முன்பே நான் கற்பித்திருக்க வேண்டிய பாடம் இது. காலந்தாழ்த்தியேனும் இன்று சொல்லிவிட்டேன்.