வேதாளமும் எளிய திரையும்

பெரும்பொருள் செலவிட்ட காட்சிகளே நெஞ்சில் நிற்கும் என்பர் சிலர். அஃது உண்மையன்று என்பதற்குத் தில்லிவாழ் தமிழராகிய நாமே சான்று.

இந்தியத் தொலைக்காட்சி 1959 செப்டம்பர் 15இல் இத்தில்லி மாநகரிலேதான் தோன்றிற்று. எனினும், மாயக்கதைத் தொடர் ஒன்று நம் உள்ளங்களைக் கொள்ளை கொண்டது 1985இல் தூர்தர்ஷனில் ஒளிபரப்பான 'விக்ரம் அவுர் பேத்தாள்' வழியாகத்தான். இராமானந்த சாகர் உருவாக்கிய அத்தொடரில் அருண் கோவில் விக்கிரமனாகவும், சஜ்ஜன் வேதாளமாகவும் நடித்தனர். ஒரு காடு, சிறிது புகை, நரைத்த நீள்முடி, அச்சமூட்டும் சிரிப்பு. இவையே அதன் செல்வம். 1987இல் வந்த 'இராமாயணம்' தொடரில் இராமனாகத் தோன்றியவரும் அதே அருண் கோவிலே.

கதை நமக்குப் புதியதன்று. பதினோராம் நூற்றாண்டில் காசுமீரத்துச் சோமதேவர் தம் கதாசரித்சாகரத்தில் சேர்த்த கதைகள் இவை. 1947இல் தொடங்கிய அம்புலிமாமா இதழில், பிணத்தைத் தோளிற் சுமந்து வாளேந்தி நடக்கும் மன்னனை ஓவியர் சங்கர் தீட்டியதை அறியாதார் யார்?

ஆகவே, ஜங்புரா மதராசி கேம்பில், பாரபுல்லா வடிகாற் கரையில், ஒரு வீட்டுப் பெட்டியின் முன் பல வீட்டார் கூடியபோது மொழி தடையாகவில்லை. இந்தி அறியாத தாய்மாரும் கதையறிந்து மகிழ்ந்தனர். சிறுவராகிய நாமோ கதை வழியே இந்தியும் கற்றோம். அரக்கனைக் கட்டிய கயிறு சில வேளை கண்ணுக்குத் தெரிந்ததுண்டு. அதனால் என்ன? இருவர் பிடித்த திரைச்சீலைக்குப் பின்னிருந்து துரியோதனன் வெளிப்படும் தெருக்கூத்தைக் கண்டு வளர்ந்த இனமன்றோ நாம்! குறையைக் கற்பனையால் நிரப்புவது நம் பழக்கம். காண்போர்க்கும் பங்களிப்பதனாலேயே எளிய கலை நீடித்து வாழ்கிறது.

2025 சூன் 1ஆம் நாள், வடிகாலைச் சீர்செய்யும் பொருட்டு, நீதிமன்ற ஆணைப்படி நம் கேம்ப் இடிக்கப்பட்டது. ஏறத்தாழ 370 குடியிருப்புகளில் 189 குடும்பங்களே நரேலாவில் மாற்றுவீடு பெறத் தகுதியுடையனவாகக் கொள்ளப்பட்டன. ஏனையோர் ஆங்காங்கே சிதறினர். அத்தொடரை இன்றும் கைப்பேசியில் காணலாம். தோளோடு தோள் உரச உடனிருந்து கண்ட அண்டை வீட்டாரை எங்கே காண்பது?

அன்பர்களே! வேதாளம் மரமேறுந்தோறும் மன்னன் சலியாது திரும்பிச் சென்றான். நாமும் திங்களில் ஒரு ஞாயிறேனும் நம் குழந்தைகளை ஓரிடம் கூட்டி, இக்கதைகளைத் தமிழிற் சொல்வோமாக. அதற்குப் பெரும்பொருள் வேண்டா. கூடுவதற்கு மனம் ஒன்றே போதும்.