வேலை முடிந்தும் ஓயாத புலனச் செய்திகள்: உங்கள் ஓய்வு நேரம் பற்றிச் சட்டம் என்ன சொல்கிறது?

ராத்திரி பத்து மணி. சாப்பிட்டு முடித்துக் கொஞ்சம் கால் நீட்டி உட்கார்ந்த நேரம். வேலையிடத்துப் புலனக் குழுவில், "நாளைக்கு யாரு ஷிப்ட் மாத்திக்க முடியும்?" என்று ஒரு செய்தி வருகிறது. நீங்கள் திறந்து பார்த்துவிட்டீர்கள், நீலக் குறியும் விழுந்துவிட்டது. இனிப் பதில் போடாவிட்டால் தப்பாகிவிடுமோ என்று மனம் அடித்துக்கொள்ளும்.

பெஸ்தாரி ஜெயாவிலிருந்து ரவாங்குக்கோ, புக்கிட் ரோத்தானிலிருந்து கிள்ளானுக்கோ தினமும் வேலைக்குப் போய் வருகிறவர்களுக்கு இது புதிதல்ல. செய்தித் துறையில் இருக்கும் நாங்களும் இதில் ஒன்றும் ஒழுங்கில்லை. "போனை மூடி வச்சிட்டு ரெஸ்ட் எடுங்க" என்று அறிவுரை சொல்வது சுலபம். ஆனால் மூடி வைக்கும் உரிமை உங்களுக்கு இருக்கிறதா?

பெரட்டு முடிந்தால் வேலை முடிந்ததா?

கோல சிலாங்கூர், உலு சிலாங்கூர் தோட்டங்களில் வளர்ந்த பெரியவர்களைக் கேட்டுப் பாருங்கள். விடிவதற்கு முன்பே பெரட்டு. பெயர் கூப்பிட்டு நிரை பிரித்துக் கொடுத்ததும் காட்டுக்குள் போவார்கள். வெட்டிய பாலைக் கொண்டுவந்து நிறுத்துக் கொடுத்துவிட்டால் அன்றைய வெட்டு முடிந்தது. வேலை எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்பது கண்ணுக்குத் தெரிந்தது. அதற்காக அதைப் பொற்காலம் என்று சொல்லிவிட முடியாது. குடியிருந்த லயமே தோட்டத்துக்குச் சொந்தம். மழை பெய்து மரம் நனைந்தால் வெட்டு இல்லை. அன்று ஓய்வு கிடைத்தது, நாட்கூலிக்காரருக்குக் கூலி போயிற்று.

வேலை நேரத்துக்கு எல்லை வேண்டும் என்ற குரல் சிலாங்கூரில் பழையது. 1941-இல் கிள்ளான் வட்டாரத் தோட்டத் தொழிலாளர்கள், ஆர்.எச். நாதன் முன்னின்று நடத்திய கிள்ளான் மாவட்ட இந்தியர் சங்கத்தோடு சேர்ந்து வேலைநிறுத்தம் செய்தார்கள். 10 முதல் 12 மணி நேர வேலை நாளை ஒழிக்க வேண்டும் என்பது அவர்களின் கோரிக்கைகளில் ஒன்று. துரையைக் கண்டால் சைக்கிளை விட்டு இறங்கும் கட்டாயம் கூடாது என்பதும் அதே பட்டியலில் இருந்தது. அந்த ஆண்டு மே மாதம் நாதன் கைதாகி, பிறகு நாடு கடத்தப்பட்டார். துப்பாக்கிச் சூட்டில் தொழிலாளர்கள் உயிரிழந்தார்கள்.

இன்றைய சட்டம்

1955-ஆம் ஆண்டு வேலைவாய்ப்புச் சட்டம் தீபகற்ப மலேசியாவுக்கும் லாபுவானுக்கும் பொருந்தும். அதன் திருத்தம் 1 ஜனவரி 2023-இல் அமலுக்கு வந்தபோது, வார வேலை நேரம் 48 மணியிலிருந்து 45 மணியாகக் குறைந்தது. தொடர்ந்து 5 மணி நேரத்துக்கு மேல் வேலை வாங்குவதென்றால் இடையில் குறைந்தது 30 நிமிட இடைவேளை தர வேண்டும். வாரத்துக்கு ஒரு முழு நாள் ஓய்வு உண்டு. ஷிப்ட் வேலைக்காரருக்கு அது தொடர்ச்சியான 30 மணி நேரமாக இருக்கலாம். ஓய்வு நாள் எது என்பதை மாதம் பிறப்பதற்கு முன்பே முதலாளி பட்டியல் போட்டுத் தெரிவிக்க வேண்டும். ஓ.டி. மாதத்துக்கு 104 மணி நேரத்தைத் தாண்டக் கூடாது. சாதாரண நாளில் அதற்குக் குறைந்தது ஒன்றரை மடங்குச் சம்பளம். மாதச் சம்பளம் 4,000 ரிங்கிட்டுக்கு மேற்படாதவர்கள் இதைக் கேட்டு வாங்கலாம். செம்பனைக் காட்டில் வேலை செய்யும் வெளிநாட்டுத் தொழிலாளருக்கும் இதே சட்டம்தான்.

அதிகம் பேசப்படாத ஒரு வரி 60A பிரிவில் இருக்கிறது. ஒரு தொழிலாளி முதலாளியின் ஏவலுக்கு உட்பட்டு, தன் நேரத்தையும் நடமாட்டத்தையும் தன் விருப்பப்படி வைத்துக்கொள்ள முடியாமல் இருக்கும் நேரமே வேலை நேரம் என்று அது சொல்கிறது. நீங்கள் ஆலையில் இருக்கிறீர்களா, வீட்டில் இருக்கிறீர்களா என்று அது கேட்கவில்லை. உங்கள் நேரம் உங்கள் கையில் இருக்கிறதா என்றுதான் கேட்கிறது. கைப்பேசி வருவதற்கு வெகு முன்பே எழுதப்பட்ட சட்டத்துக்கு இது நல்ல கேள்வி.

ஆனால் வேலை முடிந்த பிறகு வரும் அழைப்புக்கும் செய்திக்கும் பதில் சொல்லாமல் இருக்கலாம் என்று தனியாக ஒரு பிரிவு அந்தத் திருத்தத்தில் சேர்க்கப்படவில்லை. பிரான்சில் இது 2017 ஜனவரியிலிருந்தே சட்டத்தில் உண்டு. ஆஸ்திரேலியாவில் 26 ஆகஸ்டு 2024 முதல், வேலை நேரத்துக்கு வெளியே வரும் செய்தியைப் படிக்கவோ பதில் போடவோ தொழிலாளி மறுக்கலாம். அந்த மறுப்பு நியாயமற்றதாக இருந்தால் மட்டுமே அது செல்லாது.

படுத்தும் களைப்புத் தீரவில்லையே, ஏன்?

உடல் ஓய்ந்தாலும் மனம் வேலையிலேயே நிற்பது ஒரு காரணம். வேலைக்குப் பிறகு மனிதர்கள் எப்படித் தெம்பு பெறுகிறார்கள் என்று ஆராய்ந்த உளவியலாளர்கள் சபீன் சொனென்டாக், சார்லட் ஃபிரிட்ஸ் இருவரும் 2007-இல் நான்கு அனுபவங்களைப் பிரித்துக் காட்டினார்கள். மனம் வேலையை விட்டு விலகுவது, தளர்ந்து இளைப்பாறுவது, வேலைக்குச் சம்பந்தமில்லாத ஒன்றில் தேர்ச்சி பெறுவது, தன் நேரத்தைத் தானே தீர்மானிப்பது. கடைசியில் உள்ளதைப் பாருங்கள், சட்டத்தின் வரி சொல்வதும் ஏறக்குறைய அதுதான். பதில் போட வேண்டாம், செய்தி வருமோ என்று காத்திருந்தாலே முதலாவதும் கடைசியும் போய்விடுகின்றன.

உடம்புக்கும் கேடு உண்டு. உலகச் சுகாதார நிறுவனமும் அனைத்துலகத் தொழிலாளர் அமைப்பும் 2021-இல் வெளியிட்ட ஆய்வின்படி, வாரம் 55 மணி நேரமோ அதற்கு மேலோ உழைப்பவர்களுக்குப் பக்கவாத அபாயம், 35 முதல் 40 மணி நேரம் உழைப்பவர்களைவிட 35 விழுக்காடு அதிகம்.

நீங்கள் என்ன செய்யலாம்?

முதலில் மேலாளரிடம் ஒன்றைப் பேசி முடிவு செய்துகொள்ளுங்கள்: "அவசரம்னா போன் பண்ணுங்க, மத்ததைக் காலையில பாக்குறேன்." சண்டை இல்லாமல் பாதிப் பிரச்சினையை இது தீர்க்கும் என்பது என் கணிப்பு. பிறகு குழுவை ஒலியடக்கி வையுங்கள். கைப்பேசியின் 'தொந்தரவு செய்யாதே' அமைப்பில் அம்மாவின் எண்ணையும் பிள்ளையைப் பார்த்துக்கொள்பவரின் எண்ணையும் மட்டும் அனுமதிக்க முடியும்.

வேலை நேரத்தையோ நாளையோ இடத்தையோ மாற்றிக்கொள்ள வேண்டுமானால், 60P பிரிவின்கீழ் எழுத்து மூலம் விண்ணப்பிக்கலாம். முதலாளி 60 நாளுக்குள் எழுத்திலேயே பதில் தர வேண்டும். மறுத்தால் காரணம் சொல்ல வேண்டும். ராத்திரியில் உண்மையாகவே வேலை வாங்கப்படுகிறது, ஓ.டி. வரவில்லை என்றால், செய்திகளை நேரம் தெரியும்படி படம் பிடித்து வையுங்கள். ஆள்பலத் துறையிடம், அதாவது ஜபாத்தான் தெனாகா கெர்ஜாவிடம் புகார் செய்யும்போது அது உதவும். நேரில் போக முடியாதவர்களுக்கு 'வொர்க்கிங் ஃபார் வொர்க்கர்ஸ்' செயலி இருக்கிறது.

போனை விட்டு ஒரு மணி நேரம் இருந்து பார்க்க வேண்டுமென்றால் தூரம் போக வேண்டியதில்லை. கோல சிலாங்கூர் பட்டணத்துக்குப் பக்கத்திலேயே கம்போங் குவாந்தான். சிலாங்கூர் ஆற்றங்கரையின் பெரெம்பாங் மரங்களில் மின்மினிகள் கூடும் இடம். இணை தேடித்தான் அவை மினுக்குகின்றன. வெளிச்சம் பட்டால் அந்தச் சமிக்ஞை கலைந்துபோகும். அதனால் துடுப்புப் போடும் சம்பானில் ஏறிய பிறகு போன் விளக்கு, கேமரா பிளாஷ் எதுவும் கூடாது. திரையையும் அணைத்துவிடுவது நல்லது. நன்றாக இருட்டிய பிறகு போங்கள். மழை பெய்யும் இரவிலும் பௌர்ணமியை ஒட்டிய நாட்களிலும் மின்மினிகள் மங்கலாகத்தான் தெரியும், அதைப் பார்த்து நாளைத் தேர்ந்துகொள்ளுங்கள்.