வெப்ப அளவைகள் இரண்டும் அவற்றை இணைக்கும் சமன்பாடும்

வெம்மையும் தண்மையும் மெய்யால் உணரப்படுவன. அவ்வுணர்ச்சி ஆளுக்காள் வேறுபடுதலின், அதனை எண்ணால் அளக்க விழைந்த அறிஞர் மாறா நிலைகளைத் தேடினர். அத்தேட்டத்தின் வரலாறு ஒரு சிறு சமன்பாட்டினுள் அடங்கிக் கிடக்கின்றது.

டான்சிக் நகரிற் பிறந்து ஒல்லாந்தில் வாழ்ந்த கருவியாக்குநர் டானியல் கேபிரியல் பரனைற்று (1686–1736), 1708 இல் கோப்பன்கேகன் சென்று வானியலறிஞர் ஓலெ றோமரின் முறையைக் கண்டறிந்தார். 1724 இல் வெளியிட்ட கட்டுரையில், பனிக்கட்டி, நீர், நவச்சாரம் ஆகியவற்றின் கலவைக்கு 0, பனிக்கட்டி கலந்த நீருக்கு 32, நலமுடையார் உடலுக்கு 96 என வகுத்தார். பிற்காலத்தில் நீரின் உறைநிலை 32, கொதிநிலை 212 என்பனவே அவ்வளவையின் எல்லைகளாக நிலைபெற்றன.

சுவீடன் நாட்டு உப்சலாப் பல்கலைக்கழக வானியற் பேராசிரியர் அண்டர்சு செல்சியசு (1701–1744), 1742 இல் அவ்விரு நிலைகளுக்குமிடையே நூறு பாகை வகுத்தார். ஆயின் அவர் கொதிநிலையை 0 எனவும் உறைநிலையை 100 எனவும் கொண்டார். 1743 இல் பிரான்சின் லியோன் நகரத்துக் கிறிஸ்தான் என்பார் ஏறுமுகமான நூற்பாகை அளவையை வெளியிட்டார். செல்சியசு மறைந்தபின் உப்சலாவிலும் அவரது அளவை தலைகீழாக்கப்பட்டது.

உறைநிலைக்கும் கொதிநிலைக்கும் இடையே பரனைற்றளவையில் 180 பாகையும் மற்றையதில் 100 பாகையும் உள. விகிதம் 9:5 ஆகும். எனவே,

ப = 9செ/5 + 32

இதனைச் செல்சியசுக்கு உரியதாக மாற்றுங்கால், இறுதியிற் கூட்டிய 32 முதலில் நீக்கப்படல் வேண்டும்:

செ = 5(ப − 32)/9

இவ்வொழுங்கு பிறழ்ந்து, முதலிற் பெருக்கிப் பின்னர் 32 ஐக் கழிப்பின், 212 பாகையிற் கொதிக்கும் நீர் ஏறக்குறைய 86 பாகையிலேயே கொதிப்பதாக முடியும். செல்சியசின் மூல அளவைக்கோ செ = 5(212 − ப)/9 என்பதே பொருந்தும். அவர் 30 என எழுதியது இற்றைநாள் 70 ஆம். எனவே, பழங்குறிப்பை ஆராய்வோர் அது எவ்வளவைக்குரியது என்பதை முதலில் துணிதல் வேண்டும்.

சமன்பாடு பிழையற்றதாயினும் அதனைக் கையாள்வோர் பிழைபடலாம். 1868 இல் செருமானிய மருத்துவர் வுண்டர்லிச், உடல் வெப்பநிலையின் சராசரி 37 பாகை என்றார். அது பரனைற்றளவையில் 98.6 ஆயிற்று. நலமுடையார் வெப்பநிலை ஒரு வீச்சினுள் மாறுவதென அவரே கூறியிருந்தும், தசமப் புள்ளியின் தோற்றத்தால் மயங்கிய பலர் அவ்வொரு எண்ணையே நலத்தின் எல்லையாகக் கொண்டனர். 1992 இல் அமெரிக்காவில் வெளியான ஆய்வொன்று சராசரியை 98.2 எனக் கண்டது.

அளவையை மாற்றுதலால் எண் மாறுமேயன்றி அளவீட்டின் நுட்பம் மிகாது. சமன்பாட்டை மனனஞ் செய்யும் மாணவர் இவ்வுண்மையையும் உடன் உணர்தல் நன்று.