விட்ட இடம்



நம் முன்னோர் படித்தது பனையோலைச் சுவடி. ஏட்டுக்கு இரண்டு துளை. ஒன்றில் நாராசம் என்னும் கம்பி, மற்றதில் கயிறு. கயிறு நழுவாதபடி அதன் நுனியில் ஓலையைக் கிளிமூக்குப் போல நறுக்கிக் கட்டுவார்கள். காய்ந்த ஓலையின் முனையை மடித்தால் முறிந்துபோகும். ஏட்டில் எண் எழுதியிருப்பார்கள்.

1578-இல் கொல்லத்தில் அண்டிரிக் அடிகளார் ‘தம்பிரான் வணக்கம்’ அச்சிட்டார். தமிழ் எழுத்தில் அச்சாகி நமக்குக் கிடைத்த நூல்களில் மிகப் பழையது அது; 16 பக்கம். தாளில் அச்சான புத்தகத்தில் மூலையை மடிப்பதும் மயிலிறகு வைப்பதும் உண்டு. திருப்பலிப் புத்தகத்தில் வண்ண நாடாக்கள் தொங்குகின்றன.

நாசரேத்துத் தொழுகைக்கூடத்தில் இயேசு கையில் வாங்கியது சுருள். அதை விரித்து எசாயாவின் பகுதியைக் கண்டார் என்கிறார் லூக்கா. நூலை அறிந்தவருக்கு இடம் தெரியும்.

ஒரு காலத்தில் நூலாக இருந்த ஓலை, இன்று நம் விவிலியத்துக்குள் குருத்தோலையாக இருக்கிறது. சாம்பல் புதனுக்காக அதை ஆலயத்துக்குக் கொண்டுவர எடுக்கும்போது பக்கத்தைப் பாருங்கள். சென்ற ஆண்டு வைத்த அதே பக்கமா? அங்கிருந்தே இன்றிரவு வீட்டாரோடு சேர்ந்து வாசியுங்கள். மறைந்த தாயின் செபப்புத்தகம் வீட்டில் இருந்தால், அவர் அடையாளம் வைத்த பக்கத்திலிருந்து பிள்ளைகள் செபத்தைத் தொடரட்டும்.