அடைபட்ட நுண்துளையின் கதை

உங்கள் வீட்டுத் தண்ணீர்க் குழாயை மெல்லத் திறந்து, நீர் நூல்போல விழுமாறு வைத்துப் பாருங்கள். மேற்பகுதியில் கண்ணாடிக் கம்பிபோல் தோன்றும் நீர், சற்றுக் கீழே இறங்கியதும் துளித்துளியாக உடைந்துவிடும். இக்காட்சியை 1833-இல் முறையாக ஆராய்ந்தவர் ஃபெலிக்ஸ் சாவார் என்னும் பிரெஞ்சு அறிஞர். பெல்ஜிய நாட்டு ழோசஃப் பிளாத்தோ, கண்பார்வையை இழந்த பின்னரும் பிறர் கண்களின் துணையோடு சோதனைகள் நடத்தி, நீர்த்தம்பத்தைத் துளிகளாக வெட்டுவது பரப்பு இழுவிசையே என்று 1873-இல் வெளியிட்ட நூலில் விளக்கினார். தாரையின் விட்டத்தைப் போல் ஏறத்தாழ நாலரை மடங்கு இடைவெளியில் தோன்றும் நெளிவுகளே மிக விரைவாக வளர்ந்து அதை உடைக்கின்றன என்று 1878-இல் கணக்கிட்டுக் காட்டியவர் ரேலே பிரபு.

கடையில் நாம் இங்க்ஜெட் பிரிண்டர் என்று கேட்டு வாங்குகிறோமே, அந்த மைத்தாரை அச்சுப்பொறியின் வேர் இங்கேதான் இருக்கிறது.

மையைத் துப்பி எழுதும் எண்ணமும் புதிதன்று. கடலடித் தந்திக் கம்பியின் வழியே வரும் மின்னோட்டம் மிக நலிந்தது. அது அசைக்கும் பேனா தாளில் உரசினால், அந்த உராய்வே அதை நிறுத்திவிடும். ஆகவே கெல்வின் பிரபு (அப்போது வில்லியம் தாம்சன்) 1867-இல் உரிமம் பெற்ற கருவியில், மெல்லிய கண்ணாடிக் குழலிலுள்ள மைக்கு மின்னூட்டம் அளித்து, குழல் தாளைத் தொடாமலே மை தெறிக்குமாறு செய்தார். பின்னர் சுவீடனில் ரூனே எல்ம்குவிஸ்ட் இதயத்துடிப்பை வரையும் கருவிக்கு மைத்தாரையைப் பயன்படுத்தி, 1951-இல் அமெரிக்க உரிமம் பெற்றார். உடலுக்குள் பொருத்தும் முதல் இதய முடுக்கியை 1958-இல் உருவாக்கியவரும் இவரே என்பது பலருக்குத் தெரியாது.

1960-களில் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் ரிச்சர்டு சுவீட், ரேலேயின் கணக்கைப் பொறியாக்கினார். தாரையை அதிரச் செய்து, நொடிக்கு ஏறத்தாழ ஓர் இலட்சம் ஒரே அளவான துளிகளாக உடைத்து, ஒவ்வொன்றுக்கும் வேண்டிய மின்னூட்டம் அளித்து, மின்புலத்தால் திசை திருப்பினார். தாளுக்கு வேண்டாத துளிகள் ஒரு காடியில் விழுந்து மீண்டும் மைத்தொட்டிக்குச் செல்லும். ஐ.பி.எம். நிறுவனம் 1976-இல் வெளியிட்ட 6640 என்னும் பொறி இவ்வகையைச் சேர்ந்தது. உணவுப் பொட்டலங்களிலும் பாட்டில்களிலும் நாள் குறிப்பதற்கு இம்முறை இன்றும் பயன்படுகிறது. இதில் மை ஓடிக்கொண்டே இருப்பதால், பொறி இயங்கும்போது துளை எளிதில் அடைவதில்லை. ஆனால் மை இறைக்கும் எந்திரம், வடிகட்டி என்று செலவு மிகுதி. வீட்டுக்கு ஏற்றதன்று.

வேண்டும்போது மட்டும் ஒரு துளியைத் தள்ளுவது அடுத்த வழி. இங்கேதான் தொல்லை தொடங்கிற்று. துளையின் விட்டம் ஏறத்தாழ 20 மைக்ரான். தலைமயிரின் தடிப்பில் மூன்றில் ஒரு பங்கு கூட இராது. மருந்துச் சொட்டு ஒன்றை ஒரு கோடி பங்காக்கினால் ஒரு பங்கு எவ்வளவோ, அவ்வளவே துளி. காத்திருக்கும் துளையின் வாயில் மையிலுள்ள நீர் ஆவியாகிக்கொண்டே இருக்கும். சாயம் மட்டும் கெட்டிப்படும். கிளைக்கால் போன்ற எளிதில் உலராத நீர்மங்களை மையில் கலப்பது இதைத் தள்ளிப்போடுவதற்கே, தடுப்பதற்கன்று.

துளியைத் தள்ளுவதற்கு இரண்டு வழிகள் தோன்றின. அழுத்தமின் படிகம் சுருங்கி விரிந்து மையை நெருக்குவது ஒன்று. 12 துளைகள் கொண்ட சீமென்ஸ் பொறி 1977-இல் வந்தது. அதே ஆண்டில் ஜப்பானில் கேனன் ஆய்வகத்தில், சூடான பற்றவைப்புக் கோல் ஒன்று மை நிறைந்த ஊசியில் தற்செயலாகப் பட, ஊசிமுனையிலிருந்து மை பீறிட்டது. இதைக் கண்ட இச்சிரோ எண்டோ வெப்பத்தால் மையைத் தள்ளலாம் என்று உணர்ந்தார். 1979-இல் அமெரிக்காவில் ஹியூலெட்-பேக்கார்டு நிறுவனத்தின் ஜான் வாட்டும் தனியே இதே முடிவுக்கு வந்தார். நுண்ணிய மின்தடை ஒன்று சில மைக்ரோ நொடிகளில் 300 பாகை செல்சியஸ் அளவுக்குச் சூடேற, மை கொதித்து நீராவிக் குமிழி எழும். அது துளியை வெளியே தள்ளிவிட்டு அடங்கும். இதிலும் ஒரு சங்கடம் உண்டு. பால் பாத்திரத்தில் அடிப்பிடிப்பது போல, மின்தடையின் மீது மை கருகிப் படியும்.

ஹியூலெட்-பேக்கார்டு கண்ட தீர்வு சாமர்த்தியமானது. 1984-இல் வந்த திங்க்ஜெட் பொறியில் மைக்கூடும் 12 துளைகள் கொண்ட அச்சுத்தலையும் ஒரே பொருள். மை தீர்ந்தால் தலையையும் சேர்த்து எறிந்துவிட்டுப் புதியதைப் பொருத்தலாம். அடைப்பை வெல்லவில்லை, அடைபட்டதைக் குப்பையில் போட்டார்கள்! விலை 495 டாலர். அதே ஆண்டில் அதே நிறுவனம் விற்ற லேசர்ஜெட்டின் விலையோ 3,495 டாலர். எப்சன் நிறுவனம் 1993-இல் பல அடுக்குப் படிகத் தலையைக் கொணர்ந்தது. இது விலை கூடியது. எனவே பொறியோடு நிலையாக இருப்பது. இதற்குள் ஒரு காற்றுக் குமிழி புகுந்தாலே போதும். படிகம் தரும் அழுத்தத்தைக் குமிழி தானே சுருங்கி விழுங்கிவிடும், மை வெளிவராது. அடைப்பென்று நாம் நினைப்பதில் ஒரு பகுதி இந்தக் குமிழியின் வேலையே.

இவ்வளவு வரலாறும் நான் தேடிப் படிக்க நேர்ந்தது எங்கள் துறையிலிருந்த பொறியால். இரண்டு மாத விடுமுறை கழிந்து கல்லூரி திறந்தபோது, செய்முறைத் தேர்வுக்கான தாள்களில் கோடு கோடாக வெள்ளை விழுந்தது. தலையைச் சுத்தம் செய்யும் கட்டளையை ஏழெட்டு முறை கொடுத்தேன். அது தவறு. ஒவ்வொரு முறையும் பொறி மையை உறிஞ்சி அடியிலுள்ள பஞ்சில் கொட்டுகிறது. மை தீர்ந்ததே மிச்சம். இரண்டு முறை கொடுத்துவிட்டு ஓரிரவு ஆறவிட்டிருக்க வேண்டும். பழுது பார்க்க வந்தவர் சொன்ன புதிய தலையின் விலை, பொறியின் விலையை நெருங்கியது.

உண்மைக் காரணம் வேறு. மாலையில் துறையைப் பூட்டும்போது சுவரிலுள்ள சுவிட்சை அணைத்துவிடுவது எங்கள் வழக்கம். பொறியின் சொந்தப் பொத்தானை அழுத்தினால்தான் தலை ஓரத்துக்குச் சென்று இரப்பர் மூடியில் அமரும். நடுவழியில் மின்சாரம் நின்றால் துளைகள் திறந்த வாயோடு உலர்கின்றன. சிக்கனம் என்று நினைத்துச் செய்ததற்கு ஒரு தலையை விலையாகக் கொடுத்தோம்.

மாற்றுப் பொறி வாங்கும் நிலையில் நீங்கள் இருந்தால், கடைக்காரர் சொல்லும் அச்சு வேகத்தை முதலில் கேட்காதீர்கள். வாரத்தில் எத்தனை நாள் அச்சிடுவீர்கள் என்று உங்களையே கேட்டுக்கொள்ளுங்கள். நாள்தோறும் வண்ணப் பக்கங்கள் வேண்டுமெனில் மைத்தொட்டிப் பொறி சிக்கனமானது. எப்போதோ ஒருமுறை வண்ணம் வேண்டுவோருக்குத் தலையோடு கூடிய மைக்கூடே நல்லது. பக்கத்துக்கு ஆகும் செலவு கூடினாலும், அடைத்தால் புதுத்தலை கிடைக்கும். மாதக்கணக்கில் பொறி சும்மா கிடக்குமாயின் லேசர் பொறிதான். அதிலுள்ள மை உலர்ந்த தூள். துளையே இல்லாத இடத்தில் அடைப்பு ஏது?

நாங்கள் கறுப்பு மட்டும் அச்சிடும் லேசர் பொறியையே வாங்கினோம். வரைபடங்களில் வண்ணம் போயிற்றே என்று மாணவர்களுக்குக் குறை. பழைய பொறியின் தலையைக் கழற்றி நுண்ணோக்கியின் கீழ் வைத்திருக்கிறேன். பரப்பு இழுவிசைப் பாடம் வரும்போது முதலாண்டு மாணவர்கள் வரிசையாக வந்து பார்க்கிறார்கள். நேர்கோட்டில் நிற்கும் துளைகளுக்கு நடுவே, கெட்டித்த மை மூடிய இடங்கள் வெறும் கறுப்புப் புள்ளிகளாகத் தெரிகின்றன.