மண்ணுக்குள் இரும்பா, கறுப்புக் குழாயா?

தெருவின் பெரிய குழாயிலிருந்து வீட்டுச் சம்புக்கு வரும் சில அடி இணைப்புக்குத் தமிழ்நாட்டின் பழைய வீடுகளில் ஜி.ஐ. என்னும் இரும்புக் குழாய் இருக்கும், புதிய வீடுகளில் பெரும்பாலும் எச்.டி.பி.இ. என்னும் கறுப்பு பிளாஸ்டிக் குழாய். கடையில் இரண்டையும் விலை, வலிமை பார்த்து ஒப்பிடுகிறோம். ஓட்டை விழுந்தபின் எது ஒழுங்காகச் சீராகும் என்று பார்த்துத் தேர்ந்தெடுப்பதே சரி என்பது என் உறுதியான கருத்து.

ஜி.ஐ. குழாயைத் துருவிலிருந்து காப்பது அதன் துத்தநாகப் பூச்சு. பிளம்பர் மரை வெட்டும்போது அந்தப் பூச்சும் போகிறது, குழாயின் சுவரும் மெலிகிறது. அரை அங்குல நடுத்தர வகைக் குழாயின் சுவரே 2.6 மி.மீ.தான். ஈரமும் உப்பும் உள்ள மண்ணில் துரு முதலில் பிடிப்பது இந்த மரைகளைத்தான். ஆகவே ஓட்டை விழுந்த துண்டை அறுத்து, புதுத் துண்டை சாக்கெட்டும் யூனியனும் போட்டுச் சேர்த்தால், பலவீனமான இடங்கள் இன்னும் சில கூடுகின்றன. ஒரு இடத்தில் துருவால் ஓட்டை விழுந்துவிட்டதென்றால், அதே மண்ணில் அதே காலம் கிடந்த மற்ற பகுதியும் ஏறக்குறைய அதே நிலையில்தான் இருக்கும். டியூப் ரப்பரைச் சுற்றிக் கம்பியால் இறுக்குவது அன்றைய தண்ணீருக்கு உதவும், அவ்வளவே.

இதில் பணத்தைவிடப் பெரிய கவலை ஒன்று உண்டு. நம் ஊர்களில் தண்ணீர் நாள் முழுதும் வருவதில்லை. வரத்து நின்று குழாயில் அழுத்தம் இறங்கும்போதும், யாராவது மோட்டார் வைத்து உறிஞ்சும்போதும், வெளியே தேங்கிய சாக்கடை நீர் அதே ஓட்டை வழியாக உள்ளே வரும். திறந்தவுடன் வரும் முதல் தண்ணீர் நாறினால் குளோரின் மாத்திரை போட்டுச் சமாளிக்கக் கூடாது. குழாயைத் தோண்டிப் பார்க்க வேண்டும்.

கறுப்புக் குழாய் துருப்பிடிக்காது. சுருளாக வருவதால் குழிக்குள் இணைப்பே இல்லாமல் போடலாம். இதுவே அதன் பெரிய பலம். கடப்பாரை பட்டு அறுந்தால் அந்த இடம்தான் பழுது, மற்ற பகுதி நன்றாகவே இருக்கும். ஆனால் பி.வி.சி.க்குப் பூசும் பசை இதில் ஒட்டாது. நெருப்புக் காட்டி வாயை அகட்டி, ஒன்றுக்குள் ஒன்றைச் செருகும் வேலையை அனுமதிக்காதீர்கள். இளக்கிய இடம் சீரில்லாமல் மெலிந்து பிறகு பிளக்கும். நேராக அறுத்து, விளிம்பைச் சீவி, கம்ப்ரஷன் கப்ளர் போட்டு இறுக்குவதே முறை.

அளவிலும் பலர் ஏமாறுகிறார்கள். ஜி.ஐ.யின் அரை அங்குலம் உள்துளையைத் தோராயமாகக் குறிக்கும் பெயரளவு; கறுப்புக் குழாயின் 20 மி.மீ. வெளிவிட்டம். 2 மி.மீ. சுவர் போக உள்ளே 16 மி.மீ.தான் மிஞ்சும். அரை அங்குல ஜி.ஐ.யின் உள்துளையும் அவ்வளவே. முக்கால் அங்குலத்துக்குப் பதிலாக 20 மி.மீ. வாங்கினால் தண்ணீர் குறையும், 25 மி.மீ. கேட்க வேண்டும்.

வெயிலில் நீளும் குணமும் கறுப்புக் குழாய்க்கு அதிகம். 20 டிகிரி மாற்றத்துக்கு 10 மீட்டர் இரும்பு 2 மி.மீ.க்குச் சற்று அதிகமாக நீளும். கறுப்புக் குழாயோ ஏறக்குறைய 4 செ.மீ. நீளும். உச்சி வெயிலில் இழுத்துப் பிடித்துப் பொருத்தினால், குளிர்ந்ததும் சுருங்கி இணைப்பை இழுக்கும். குழிக்குள் சற்று வளைத்துப் போட்டு, கல் படாமல் கீழும் மேலும் மணல் பரப்ப வேண்டும்.

இரும்பை நான் ஒதுக்கிவிடவில்லை. தரைக்கு மேலே, அடிபடக்கூடிய இடத்தில் அதுவே நல்லது. பெட்ரோலோ டீசலோ ஊறிய மண்ணில் பிளாஸ்டிக் கூடாது. எண்ணெய்ப் பொருட்கள் அதன் சுவரை ஊடுருவிக் குடிநீரில் கலக்கும். பங்க், ஒர்க்‌ஷாப் பக்கத்து வீட்டுக்காரர்கள் இதை மறக்கக் கூடாது. கசிவைக் காதால் தேடுபவர்களுக்கும் இரும்பே வசதி; ஒலி அதில் நெடுந்தூரம் போகும், பிளாஸ்டிக்கில் அடங்கிவிடும்.

மாற்றத் துணிந்தவர்கள் முதலில் எலெக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள். சில பழைய வீடுகளில் எர்த் கம்பியைத் தண்ணீர்க் குழாயில்தான் கட்டியிருப்பார்கள். மண்ணுக்குள் இருந்த இரும்பை எடுத்துப் பிளாஸ்டிக் போட்டால் அந்த எர்த் போய்விடும். கசியும் மின்சாரம் குழாயைத் தொடுபவரைத் தாக்கும். தனி எர்த் குழி போட்டுச் சோதித்த பிறகே பழைய குழாயை அறுக்க வேண்டும்.