மீஞ்சூர்க் கொல்லையும் கொடுங்கையூர் மேடும்

சென்னையிலிருந்து கும்மிடிப்பூண்டிக்குச் செல்லும் இருப்புப்பாதையின்மீது, தெற்கே கொசஸ்தலை ஆறும் வடக்கே ஆரணி ஆறும் காத்துநிற்கும் சமவெளியில், ஏகாம்பரேசுவரருக்கும் வரதராஜப் பெருமாளுக்கும் கோயில்கள் ஒருங்கே அமைந்தமையால் வடகாஞ்சி என்னும் பெயரையும் பெற்ற பழைய ஊர் மீஞ்சூர். இன்று அதன் பெயரைக் கேட்பவர்க்கு அத்திப்பட்டின் அனல்மின் நிலையமும், எண்ணூர், காட்டுப்பள்ளித் துறைமுகங்களும், 2010-ஆம் வருஷம் திறக்கப்பட்டு நாளொன்றுக்கு 10 கோடி லிட்டர் கடல்நீரைக் குடிநீராக்கும் ஆலையுமே நினைவுக்கு வரும். ஆயினும் இந்தப் பிரதேசம் நெடுங்காலம் நெல்லினாலே வாழ்ந்தது. சொர்ணவாரி, சம்பா, நவரை என்று பருவத்துக்கொரு பெயரிட்டுப் பயிரிட்டது. அந்த நெல்லுக்கு உணவளித்தது வீட்டுக் கொல்லையின் மூலையில் வெட்டப்பட்டிருந்த எருக்குழி. கோயில்களுக்கும் துறைமுகங்களுக்கும் வரலாறு எழுதியவர்கள் அந்தக் குழிக்கு எழுதவில்லை. குப்பையைப் பற்றி இக்காலத்தில் நாம் படும் சங்கடங்களுக்கெல்லாம் மூலகாரணம், அக்குழி தூர்ந்துபோன வரலாற்றிலேதான் இருக்கிறது என்பது என் துணிபு.

அக்குழிக்குள் என்ன விழுந்தது என்பதைவிட, என்ன விழவில்லை என்பதே முதலில் கவனிக்கத்தக்கது. அரிசி களைந்த நீரும் வடித்த கஞ்சியின் மிச்சமும் காய்கறித் தோலும் கழுநீர்ப் பானைக்குப் போய் அங்கிருந்து மாட்டின் வயிற்றுக்குப் போயின; உண்ட வாழையிலையையும் பசுவே தின்றது; தென்னையின் ஓலை கீற்றாகவும், ஈர்க்கு துடைப்பமாகவும், மட்டையும் பாளையும் அடுப்பெரிக்கும் விறகாகவும் ஆயின; அடுப்பில் எஞ்சிய சாம்பல் பாத்திரம் துலக்கவும், அவரைக் கொடியில் அசுவினி கண்டபோது அதன்மேல் தூவவும் பயன்பட்டது. இவ்வாறு ஒவ்வொன்றும் தனக்குரிய இடத்தை அடைந்தபின், எவருக்கும் எதற்கும் உதவாமல் மிஞ்சியவை, அதாவது வாசல் பெருக்கிய புழுதியும் சருகும், தொழுவத்துச் சாணமும் மாட்டு மூத்திரத்தில் நனைந்த வைக்கோலும், கூரை மாற்றியபோது கழித்த மக்கிய ஓலையும், தோட்டத்தில் வெட்டிய களையும் கொடியும் மட்டுமே குழியை அடைந்தன. அங்கும் அவை கழிவாகக் கிடக்கவில்லை. அறுவடை முடிந்து, வயல் காய்ந்து, வண்டிச்சக்கரம் புதையாத பங்குனி சித்திரை மாதங்கள் வரும்வரை காத்திருந்தன.

அம்மாதங்களில் படல் கட்டிய வண்டிகளில் மக்கிய எருவை ஏற்றிச் சென்று, வயலெங்கும் சிறு சிறு குவியல்களாக இறக்கி, மழைக்குமுன் இறைத்து உழுதுவிடுவது இப்பக்கத்துக் குடியானவர்களின் வழக்கம். எரு போதாதவர்கள் புங்கன், வேம்பு, ஆவாரை ஆகியவற்றின் தழைகளைக் கொண்டுவந்து சேற்றில் மிதித்தார்கள். கோடையில் வற்றிய ஏரியின் வண்டலை வாரினார்கள். ஆட்டுக்கிடை போடுவோரை அழைத்து இரவுகளை விலைபேசினார்கள். வள்ளுவர் உழவைப் பற்றிய அதிகாரத்தில் ஏர் ஓட்டுவதைக் காட்டிலும் எரு இடுதலை மேலாக வைத்துப் பேசியது இத்தகைய அனுபவத்தின் முடிவே அன்றி வேறன்று. குப்பைக்கு அக்காலத்தில் உடையவன் ஒருவன் இருந்தான். அவன் அதற்காக உழைக்கவும் விலைகொடுக்கவும் சித்தமாயிருந்தான். அயலான் குழியிலிருந்து எருவை அள்ளினால் வழக்கு மூளும் என்ற நிலையில், அதைத் தெருவில் கொட்டும் எண்ணம் எவர்க்கும் உண்டாக நியாயமில்லை.

இப்படிச் சொல்வதனால் பழங்காலத்தை முழுவதும் பொற்காலமாக்கிவிடலாகாது. தொழுவத்தைக் கூட்டிச் சாணத்தைத் தலைச்சுமையாகச் சுமந்தவர்கள் பெரும்பாலும் பெண்களும் பண்ணையாட்களுமே. மனித மலத்தை அகற்றும் கொடுமையை நம் சமூகம் சில சாதியார்மீது சுமத்தி, அந்தச் சுமையையே அவர்களை ஒதுக்கிவைப்பதற்குக் காரணமாகவும் காட்டிற்று. அதனை ஒழிக்கச் சட்டம் 1993-இலும் பின்னர் 2013-இலும் செய்யவேண்டியிருந்தது என்பது நாம் தலைகுனிய வேண்டிய செய்தி. திறந்த குழிகளில் ஈ மொய்த்தது. மழைக்காலத்தில் சாறு வழிந்தது. சாணத்திலும் பாதி நிலத்துக்குப் போகாமல் வறட்டியாகி அடுப்பில் எரிந்தது. இங்கிலாந்திலிருந்து 1889-இல் இந்திய வேளாண்மையை ஆராய அனுப்பப்பட்ட வோல்க்கர் என்னும் ரசாயன அறிஞர், 1893-இல் வெளியான தம் அறிக்கையில், விறகில்லாத குறையினாலேயே குடியானவன் எருவை எரிக்கிறான், அவனுக்கு விறகுக்காடு வளர்த்துக் கொடுங்கள் என்று வற்புறுத்தினார். குடியானவனை அறியாமையுள்ளவன் என்று இகழும் வழக்கம் மேலோங்கியிருந்த அக்காலத்தில், அவன் கஷ்டத்தை உணர்ந்து பேசிய குரல் அது.

கொல்லைக் குழியில் நிகழ்வது என்ன என்பதை விஞ்ஞான ரீதியாக ஆராய்ந்து நெறிப்படுத்தியவர் ஆல்பர்ட் ஹோவர்டு. 1905-இல் அரசாங்கத் தாவரவியல் நிபுணராகப் பூசாவுக்கு வந்து, 1924 முதல் 1931 வரை இந்தூரில் பயிர்த்தொழில் ஆராய்ச்சி நிலையத்தை நடத்திய அவர், இந்தியக் குடியானவர்களையே தம் ஆசிரியர்களாகக் கொண்டேன் என்று வெளிப்படையாகச் சொன்னவர். செடிகொடிக் கழிவையும் சாணத்தையும் சாம்பலும் மண்ணும் கலந்து அடுக்கி, ஈரம் காத்து, காற்றுப் புகும்படி இடையிடையே கிளறிவிட்டால், கோடானுகோடி நுண்ணுயிர்கள் கழிவைத் தின்று பெருகுகையில் குவியல் தானாகவே கைபொறுக்காத சூடேறி, களைவிதையும் ஈயின் புழுவும் மாண்டு, மூன்று மாதங்களில் மண்வாசனையுள்ள கருமையான உரம் கிடைக்கும் என்பது அவர் கண்ட இந்தூர் முறையின் சாரம். அவரும் யஷ்வந்த் வாட் என்பவரும் சேர்ந்து 1931-இல் இதனை நூலாக வெளியிட்டனர். அடுத்த பத்தாண்டுக்குள் பெங்களூர் இந்திய விஞ்ஞானக் கழகத்தில் சி. என். ஆச்சாரியா, நகரத்துக் குப்பையையும் மலத்தையும் அகழிகளில் அடுக்கி மண்ணால் மூடிக் கிளறாமலே மக்கச்செய்யும் முறையை வகுத்தார். 'அதிக உணவு விளைவிப்போம்' என்ற இயக்கம் நடந்த நாற்பதுகளில் நகரசபைகள் இம்முறையைக் கைக்கொண்டு, ஊரின் குப்பையை உரமாக்கிச் சுற்றுவட்டாரத்துக் குடியானவர்களுக்கு விற்றன. நகரம் கிராமத்திடமிருந்து பெற்ற உணவின் மிச்சத்தைக் கிராமத்துக்கே திருப்பிக்கொடுத்த நேர்மை அந்த ஏற்பாட்டில் இருந்தது.

சென்னைப் பட்டணத்துக்குக் குப்பை தொடக்கத்திலிருந்தே பாரமாகத்தான் இருந்தது. கோட்டையின் தலைவராயிருந்த ஸ்ட்ரெயின்ஷாம் மாஸ்டர் 1678-இல் தெருக்களைப் பெருக்குவதற்கென்று வீட்டுவரி விதித்தபோது பட்டணத்து ஜனங்கள் அதனை எதிர்த்தார்கள். பத்தாண்டு கழித்து 1688-இல் மாநகராட்சி அமைந்தபின்னும் அந்தக் கவலை தீரவில்லை. பட்டணத்தான் குப்பையைப் போக்கப் பணம் கொடுத்தான். வடக்கே மீஞ்சூர், பொன்னேரிப் பக்கத்துக் குடியானவனோ குப்பையைப் பெறப் பணம் கொடுத்தான். பட்டணம் வளர்ந்து வளர்ந்து மீஞ்சூரைத் தொட்டபோது, அதன் கட்டடங்களோடும் ஆலைகளோடும் இந்த மனப்பான்மையும் கூடவே வந்து சேர்ந்தது.

அது வந்த காலத்தைத் திட்டமாகவே சொல்லலாம். எண்ணூரில் அறுபதுகளின் தொடக்கத்தில் ஓர் உரத்தொழிற்சாலை எழுந்தது. மணலியில் 1966-இல் நிறுவப்பட்ட மெட்ராஸ் பெர்ட்டிலைசர்ஸ் 1971-இல் உற்பத்தியைத் தொடங்கியது. பசியால் வாடிய தேசத்துக்கு அந்த உரம் சோறு போட்டது என்பதை மறுப்பது நன்றிகெட்ட செயலாகும். ஆனால் கையடக்கமான ஒரு மூட்டை யூரியா பல வண்டி எருவின் வேலையைச் செய்துவிடும் என்று கண்டபின், குழியை வெட்டவும் மூடவும் அள்ளவும் யார் மெனக்கெடுவார்கள்? டிராக்டர் வந்தது, உழவுமாடு போயிற்று. மாடு போனதும் கழுநீர்ப் பானைக்கு வேலையில்லை. கேஸ் அடுப்பு வந்ததும் மட்டையும் சருகும் விறகாவது நின்றது. ஓடும் காங்கிரீட்டும் வந்ததும் கீற்றைக் கேட்பாரில்லை. வயல்கள் மனைகளாயின. ஒவ்வொரு மாற்றமும் தனித்தனியே நன்மையாகவே தோன்றியது. எல்லாம் சேர்ந்து, வீட்டின் மிச்சத்துக்கு உடையவன் இல்லாமற் செய்துவிட்டன. அதே சமயத்தில் பிளாஸ்டிக் பையும் வந்து, மக்குவதும் மக்காததும் ஒரே முடிச்சுக்குள் கட்டப்பட்டன.

கொல்லைக் குழியில் உரமான அதே மாவிலை, காற்றுப் புகாத குப்பைமலையின் அடியில் அகப்பட்டால் வேறுவிதமாக அழுகுகிறது. பிராணவாயு வேண்டாத நுண்ணுயிர்கள் அதனைச் சிதைக்கையில் எழும் வாயுவில் ஏறத்தாழப் பாதி மீத்தேன். நூறாண்டுக் கணக்கில் பார்த்தால் கரியமில வாயுவைவிடச் சுமார் 28 மடங்கு வெப்பத்தைப் பிடித்துவைப்பது அது. கோடையில் குப்பைமேடுகள் எளிதில் தீப்பற்றி நாட்கணக்கில் புகைவதற்கு அந்த வாயுவும் ஒரு காரணம். மழைநீர் அம்மேட்டினூடே இறங்குகையில் அழுகலின் அமிலங்களையும் பாட்டரி முதலியவற்றின் உலோகங்களையும் கரைத்துக்கொண்டு கறுத்த சாறாகிப் பூமிக்குள் இறங்குகிறது. மாநகரின் வடபகுதிக் குப்பையையெல்லாம் பல பத்தாண்டுகளாகத் தாங்கிவரும் கொடுங்கையூர் மேடு, 250 ஏக்கருக்கு மேல் பரந்து, சுமார் 66 லட்சம் டன் பழங்குப்பையைச் சுமந்து நின்றதை, இப்போது தோண்டிப் பிரித்து அகற்றும் பணிக்கு அறுநூறு கோடி ரூபாய்க்கு மேல் செலவாகிறது. அந்த மலையில் அள்ளி அள்ளிச் சலிக்கப்படும் நுண்மண், ஒரு காலத்தில் வயலுக்குப் போயிருக்கவேண்டிய எருவே; கண்ணாடித் துண்டும் நச்சு உலோகமும் கலந்துபோனபின் அதனை எந்தப் பயிருக்கு இடத் துணிவோம்?

மீஞ்சூருக்கு இதில் தனிப்பட்ட அச்சம் ஒன்று உண்டு. ஆறுகள் கொண்டுவந்து பரப்பிய மணற்படுகையில் நல்ல ஊற்று இருப்பதை 1966 முதல் 1969 வரை ஐக்கிய நாடுகள் சபையின் உதவியோடு நடந்த ஆய்வு காட்ட, அங்கிருந்து பட்டணத்துக்கும் மணலி ஆலைகளுக்கும் அளவின்றி நீர் இறைக்கப்பட்டு, வெறுமையான இடத்தில் கடல்நீர் பல மைல் தூரம் உள்நோக்கிப் புகுந்துவிட்டது. கிணறுகள் உவர்ப்பேறிய ஊர் இது. மணலினூடே எளிதில் இறங்கும் நீர், குப்பையின் சாற்றையும் அவ்வளவு எளிதாகவே கொண்டிறங்கும். எஞ்சியிருக்கும் கொஞ்சம் நன்னீருக்கு மேலே குப்பை கொட்டுவது இவ்வூர் தாங்கக்கூடிய காரியம் அன்று.

கொட்ட இடமில்லாதவர்கள் கொளுத்துகிறார்கள். போகியன்று பழைய பாயையும் முறத்தையும் துடைப்பத்தையும் எரித்த வீட்டுச் சம்பிரதாயம், டயரும் பிளாஸ்டிக்கும் எரியும் தெருச் சம்பிரதாயமாக மாறியதன் பயனை 2018-ஆம் வருஷப் போகியன்று சென்னை விமான நிலையமே கண்டது. புகைமூட்டத்தில் விமானங்கள் இறங்க வழியின்றித் தவித்தன. மற்ற நாட்களில் தெருவோரத்தில் எரியும் சருகுக் குவியல் எவர் கண்ணிலும் படுவதில்லை. ஈரச் சருகு எரியும் புகையில் மூச்சுப்பையின் ஆழம்வரை செல்லும் நுண்துகளும் கார்பன் மோனாக்சைடும் இருக்கின்றன. அனல்மின் நிலையங்களின் சாம்பலை ஏற்கெனவே சுவாசிக்கும் குழந்தைகளுக்கு அது கூடுதல் தண்டனை. 2016-ஆம் வருஷத்துத் திடக்கழிவு விதிகள் தோட்டக் கழிவை வளவுக்குள்ளேயே தனியாக வைத்திருக்கும்படியும் எரிக்கக்கூடாதென்றும் கட்டளையிட்டன. அவ்வாண்டு டிசம்பரில் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் எரிப்பவர்க்கு 5,000 ரூபாயும், பெருமளவில் எரிப்பவர்க்கு 25,000 ரூபாயும் அபராதம் விதிக்கலாம் என்றது. அதே டிசம்பரில்தான் வர்தா புயல் சென்னையின் மரங்களை ஆயிரக்கணக்கில் வீழ்த்தி, தோட்டக் கழிவு என்பது எத்தனை பெரிய பாரமாகும் என்பதையும் நமக்குக் காட்டிற்று.

பேரூராட்சிகளில் இன்று தூய்மைப் பணியாளர்கள் வீடுவீடாக வந்து மக்கும் குப்பையையும் மக்காத குப்பையையும் கேட்கிறார்கள். வளம் மீட்புப் பூங்காக்களில் மண்புழு உரம் தயாராகிறது. ஹோவர்டும் ஆச்சாரியாவும் சொன்னதைத்தான் அங்கே செய்கிறார்கள். ஆனால் நாம் முடிந்துகொடுக்கும் பையை அவர்கள் வெறுங்கையால் பிரித்து, சோற்றிலிருந்து பிளாஸ்டிக்கைப் பொறுக்கவேண்டியிருக்கும் வரையில், பழைய கொடுமையில் ஒரு பகுதி நம் வாசலில் இன்னும் நடந்துகொண்டுதான் இருக்கிறது.

ஆகவே மீஞ்சூரிலும் அதன் அக்கம்பக்கத்திலும் ஒரு முழம் கொல்லையாவது உள்ளவர்களை நான் வேண்டிக்கொள்வது இது. கிணற்றுக்கு எட்டத்தில், மழைநீர் புகாத மேட்டில், இரண்டு மூன்றடிக் குழி ஒன்றோ, காற்றோட்டமுள்ள தொட்டி ஒன்றோ அமையுங்கள். சமையலறைக் கழிவு ஒரு பங்குக்குச் சருகு இரண்டு மூன்று பங்காக மாறிமாறிப் போட்டு, ஈரம் காயாமலும் ஊறாமலும் பார்த்து, பதினைந்து நாளுக்கொருமுறை கிளறிவிடுங்கள். கொல்லை இல்லாதவர்கள் ஈரக் கழிவைத் தனிப் பாத்திரத்தில் வைத்து, தூய்மைப் பணியாளர் கையில் தனியாகக் கொடுங்கள். வருகிற போகிக்கு முன்பே இதனைத் தொடங்கிவிடுங்கள். உங்கள் வீட்டுச் சருகு கொளுத்தப்படவும் வேண்டாம், குப்பைமேட்டுக்குப் போகவும் வேண்டாம்.